தள்ளுகதவா, கீல் கதவா?

கேள்வி: புது வீட்டில் பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. கடைசி 3 அடியை ஷவருக்கு ஒதுக்கிக் கண்ணாடித் தடுப்பு போடப்போகிறோம். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் கதவுதான் இடத்தை அடைக்காது என்கிறார் கடைக்காரர். கீல் கதவு போடச் சொல்கிறார் இன்ஜினீயர். எங்களுக்குப் போர் தண்ணீர், உப்பு அதிகம். 74 வயது மாமியாரும் உடன் இருக்கிறார். எதைப் போடுவது?
- வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் உங்கள் தண்ணீருக்கு ஸ்லைடிங் வேண்டாம். பட்டவன் சொல்கிறேன். என் வீட்டிலும் வாளி விளிம்பில் வெள்ளை வளையம் கட்டுகிற தண்ணீர்தான். ஆசைப்பட்டு ஸ்லைடிங் போட்டேன். கீழ் ட்ராக்கில் சோப்பும் தலைமுடியும் உப்பும் சேர்ந்து இறுகிப்போயின. ஞாயிறுதோறும் பழைய டூத் பிரஷ்ஷோடு குந்தி உட்கார்ந்து சுரண்டுவேன். ரோலரும் மக்கர் செய்யவே, அம்மா கதவைத் தொடுவதையே விட்டுவிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு, வாளியும் குவளையுமாகக் குளிக்க ஆரம்பித்தார். அப்புறம் எதற்கு அந்தக் கண்ணாடி? நகரும் பலகையைக் கழற்றிவிட்டேன்.

ஆகவே கீல் கதவு. எந்தச் சுவரில் கீல் என்பதுதான் முக்கியம். கம்மோடு பக்கவாட்டுச் சுவரில் இருந்தால், சுமார் 27 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிர்ச் சுவரில் கீல் வையுங்கள். 27 அங்குலக் கதவு திறந்ததும் அந்தச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். கம்மோடு பக்கம் மீதியுள்ள 33 அங்குலத்துக்கு அசையாத கண்ணாடி. நம்பிக்கை வரவில்லையா? 27 அங்குலக் கயிற்றில் சாக்பீஸைக் கட்டித் தரையில் வளைவு போட்டுப் பாருங்கள்.

உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் திறக்கும் கீலாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே மட்டும் திறக்கும் கதவென்றால், பெரியவர் உள்ளே மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். மற்ற நேரத்தில் உள்பக்கமே திறந்தால் கண்ணாடியில் வழியும் தண்ணீர் உள்ளேயே சொட்டும். கதவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்கவே கூடாது. அதற்குச் சுவரில் தனியாக ஒரு பிடிகம்பி வையுங்கள்.

கண்ணாடி 8 மில்லிமீட்டர் டஃபன்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கியது, போதும். ஆறரை அடி உயரத்துக்கு அந்தக் கதவே சுமார் 27 கிலோ வரும். 10 மில்லிமீட்டர் என்றால் 34 கிலோ. அவ்வளவையும் இரண்டு கீல்கள் தாங்க வேண்டும். எனவே கீல் எஸ்.எஸ்.304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முலாம் பூசியது நம் உப்புத் தண்ணீரில் பொரிந்துபோகும். சுவர் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் சுவருக்குள் ஓடும் பைப்புகளை போனில் படம் எடுத்து வையுங்கள். கீலுக்குத் துளை போடுகிற அன்று அந்தப் படம் தங்கம்.

டஃபன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, நொறுங்கிவிடும். அதனால் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவெடுங்கள். ஒரு வீட்டில் அவசரப்பட்டுப் பூச்சுச் சுவரில் அளவெடுத்துவிட்டார்கள். கண்ணாடி வந்தபோது இரண்டு பக்க டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றிருந்தது. காசு போனது போனதுதான்.

தரை வாட்டம் ஷவர் பக்கம் இருக்கிறதா என்று, கொத்தனார் இருக்கும்போதே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கதவுக்கு அடியில் எப்படியும் சிறு இடைவெளி இருக்கும். ரப்பர் பட்டை ஓரளவுதான் தடுக்கும். மீதியைத் தடுக்கக் கதவுக்கு அடியில் கிரானைட் படி வைப்பார்கள். மாமியார் கால் தடுக்கும் என்றால் படியை விட்டுவிட்டு வாட்டத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே போட்ட கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள். ஆசிட் ஊற்றலாமா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: வேண்டாம், கீலும் டைல்ஸ் இடுக்கும் அரித்துப்போகும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துக் கண்ணாடியில் கால் மணி நேரம் ஒட்டி வைத்துத் துடையுங்கள். தரை மார்பிள் என்றால் சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், குளித்ததும் ஒரு ரப்பர் வைப்பரால் இழுத்துவிடச் சொல்லி வீட்டில் கெஞ்சுங்கள். என் வீட்டில் இன்னும் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன்.