கல்லீரல் கட்டி எந்த வகைப் புற்றுநோய் என்று ஸ்கேனை வைத்தே சொல்லிவிட முடியுமா?

பொதுவான வகை என்றால் பெரும்பாலும் முடியும். அரிய வகைகளில் ஸ்கேன் பலமான சந்தேகத்தைக் கிளப்பும். உறுதி செய்வது பயாப்சிதான், அதாவது கட்டியிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்க்கும் சோதனை. ரேடியாலஜிஸ்டாக இந்தப் படங்களைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதிதான் தமனி வழியாக. ஆனால் அதிகம் காணப்படும் கல்லீரல் செல் புற்றான ஹெபடோசெல்லுலார் கார்சினோமா தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் படத்தில் ரத்த ஓட்டத்தை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய சுமார் அரை நிமிடத்தில் கட்டி பளிச்சென்று தெரியும், அப்புறம் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோ உள்ள பெரியவர்களிடம் 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி இப்படித் தெரிந்தால், பயாப்சி இல்லாமலே சிகிச்சைக்குப் போகலாம். கல்லீரலுக்குள் வரும் பித்தநாளப் புற்றில் பெரும்பாலும் முதலில் ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும். உள்ளே நார்த்திசு அதிகம் என்பதால் நடுப்பகுதி மெதுவாகத்தான் நிறையும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஃபைப்ரோலமெல்லர் என்ற அரிய வகைக் கல்லீரல் புற்று. சிரோசிஸ் எதுவும் இல்லாத இளவயதினருக்கு வருவது, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புற்று அடையாளப் புரதத்தின் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கட்டியின் நடுவில் தழும்பு தெரியும். சிக்கல் என்னவென்றால், எஃப்.என்.எச். என்ற தீங்கில்லாத கட்டியிலும் அதே தழும்பு உண்டு. இங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் எஃப்.என்.எச். தழும்பு பொதுவாக வெளுப்பாகவும், ஃபைப்ரோலமெல்லர் தழும்பு கறுப்பாகவும் இருக்கும். கல்லீரல் செல்கள் உறிஞ்சும் காடாக்ஸிடேட் மருந்து கொடுத்து 20 நிமிடம் கழித்து எடுத்தால், எஃப்.என்.எச். மருந்தைப் பிடித்துவைத்திருக்கும், ஃபைப்ரோலமெல்லர் பெரும்பாலும் இருண்டு தெரியும். சி.டி.யில் கட்டிக்குள் கால்சியம் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ரத்தநாளங்களில் தோன்றும் அரிய புற்றான ஆஞ்சியோசர்கோமாவும் சில சமயம் சாதாரண ரத்தநாளக் கட்டி மாதிரியே தோன்றி ஏமாற்றும்.

இத்தனையும் மருந்து வந்து போகும் நேரத்தைப் பொறுத்தது. ஒரே கட்டத்தில் எடுத்த சி.டி.யைக் கொண்டுவந்து வகையைக் கேட்டால் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஆகவே பல கட்டங்களில் எடுக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். வயது, ஹெபடைட்டிஸ், சிரோசிஸ் விவரங்களை ஸ்கேன் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவை தெரியாமல் படத்தை மட்டும் படிப்பது ஆபத்து. ரிப்போர்ட்டில் 'எல்.ஆர்.-எம்' என்று இருந்தால், புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஹெபடோசெல்லுலார் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்று பொருள். அப்போது டாக்டர் பயாப்சி கேட்டால் தயங்காதீர்கள். வகைக்கு வகை சிகிச்சை மாறும்.