தனியாகத் தொழில் செய்யத் திறமை மட்டும் போதுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவிட்டு, சென்ற ஆண்டு வேலையை விட்டேன். இப்போது தனியாக ஒப்பந்தப் பணிகளை எடுத்துச் செய்துவருகிறேன். ஜாவா நிரல்மொழியிலும் டேட்டாபேஸிலும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் இதுவரை வேலை கொடுத்த மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட மறுபடி அழைக்கவில்லை. ஆறு வாரத்தில் முடிப்பதாகச் சொன்ன முதல் வேலை பதினோரு வாரம் இழுத்துவிட்டது. இரண்டாமவரிடமிருந்து பாதிப் பணம் இன்னும் வரவில்லை. மூன்றாமவர் வேலை நன்றாக இருந்தது என்றார், அதோடு சரி. கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) சான்றிதழ் ஒன்று வாங்கினால் நிலைமை மாறுமா? இல்லை, மறுபடியும் வேலைக்கே போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதிய நிரல் சரியில்லை என்று அந்த மூவரில் ஒருவர்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. குறை திறமையில் இல்லாதபோது, திறமைக்குச் சாட்சியாக இன்னொரு சான்றிதழை வாங்குவதால் என்ன மாறிவிடப்போகிறது? ஒப்பந்தக்காரராக நிலைப்பதற்குத் தொழில்நுட்ப அறிவு அடிப்படைத் தகுதி. அது இல்லாமல் யாரும் உங்களை உள்ளேயே விடமாட்டார்கள். ஆனால், வேலை கொடுத்தவரைக் கவலையில்லாமல் வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் மறுபடி அழைப்பு வரும்.

உங்களை அழைத்தவரின் நிலையிலிருந்து பாருங்கள். அவர் பெரும்பாலும் ஒரு துறையின் மேலாளராக இருப்பார். கைவசம் ஆள் இல்லாததாலோ நேரம் இல்லாததாலோ, தன் பொறுப்பில் வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்திருப்பார். வாரந்தோறும் நடக்கும் கூட்டத்தில் “அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது?” என்று மேலிடம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர்தான். நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அவர் அந்தக் கூட்டத்தில் பதில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆறு வாரம் பதினொன்றானதற்கு உங்கள் சோம்பல் காரணமாக இருந்திருக்காது. தாம் செய்யப்போகும் வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். திட்டத்தை உள்ளிருந்து பார்த்து ஒவ்வொரு படிக்கும் நாள் போட்டுக் கூட்டாமல், இதே போன்ற முந்தைய வேலைகள் உண்மையில் எவ்வளவு காலம் பிடித்தன என்பதிலிருந்து தொடங்குவதே அவர்கள் காட்டிய மாற்று வழி. எனவே, பிறருடைய பழைய டேட்டாபேஸைத் திறந்துகூடப் பார்க்காத நிலையில் ‘ஆறு வாரம்’ என்று ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள். “ஆறிலிருந்து பத்து வாரம் ஆகலாம், தரவுகளைப் பார்த்தபின் இரண்டாம் வாரக் கடைசியில் உறுதியான தேதி தருகிறேன்” என்று சொல்லுங்கள். முதலிலேயே குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும்; அப்படிப் பிடித்த வேலை அடுத்த வேலையைக் கெடுத்துவிடும்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. தாமதமாகும் என்று உங்களுக்கு எந்த வாரம் தெரிந்தது, அவரிடம் எந்த வாரம் சொன்னீர்கள்? மூன்றாம் வாரம் தெரிந்ததை, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று ஆறாம் வாரம் வரை மறைத்திருந்தால், அவர் இழந்தது நாட்களை மட்டுமல்ல, தன் மேலிடத்திடம் நேரத்தோடு சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்துத்தான். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன்: “பழைய டேட்டாபேஸில் ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் புதிய அமைப்புக்கு மாற்றினால் பில்கள் தவறாகப் போகும். எல்லாவற்றையும் சரிசெய்ய எட்டு வேலை நாட்கள் கூடுதலாக ஆகும். கடந்த இரண்டு ஆண்டுப் பதிவுகளை மட்டும் இப்போது சரிசெய்வதானால் மூன்று நாட்கள் போதும். எது உங்களுக்கு வசதி என்று புதன்கிழமைக்குள் தெரிவித்தால் அதன்படி தேதியை உறுதிசெய்கிறேன்.” இதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. சிக்கல் என்ன, விட்டால் என்ன ஆகும், என்னென்ன வழிகள், எப்போதுக்குள் முடிவு தேவை என்ற நான்கும் இருக்கின்றன. இந்தச் செய்தியை அவர் அப்படியே தன் மேலதிகாரிக்கு அனுப்பிவிடலாம். சிக்கல் எதுவும் இல்லாத வாரத்திலும், முடிந்தது எது, அடுத்தது எது என்று ஐந்து வரி எழுதி அனுப்புங்கள்.

பணத்துக்கு வருவோம். இரண்டாமவர் பாதியைப் பிடித்துவைத்திருக்கிறார் என்றால், வேலை ‘முடிந்தது’ என்பதற்கு இருவரிடமும் வேறு வேறு பொருள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். “இதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்” என்று வந்த சின்னச் சின்ன வேலைகளை நீங்கள் மறுக்காமல் செய்துகொடுத்திருப்பீர்கள். அவை சேரச் சேர, அடுத்ததும் முடிந்தால்தான் பணம் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாக வந்திருக்கும். அடுத்த ஒப்பந்தத்தில் எந்தெந்தச் சோதனைகளில் தேறினால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், ஒப்படைத்தபின் எத்தனை நாட்களுக்குள் அவர் குறை சொல்ல வேண்டும், இன்வாய்ஸ் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரவேண்டும், கூடுதல் வேலைக்கு என்ன கட்டணம் என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு பங்கை அட்வான்ஸாகவும், மீதியைக் கட்டம் கட்டமாகவும் வாங்குங்கள். எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை நிரலின் உரிமை எழுதிய ஒப்பந்தக்காரரிடமே இருக்கும் என்பது பல நாடுகளில் உள்ள நிலை. ஆகவே முழுத் தொகையும் வந்தபின்பே உரிமை கைமாறும் என்று ஒரு வரி சேர்ப்பது நியாயமான பாதுகாப்பு. ஆனால் பாக்கிக்காகக் கடவுச்சொற்களை முடக்குவது, சர்வரை நிறுத்துவது போன்ற செயல்களில் ஒருபோதும் இறங்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள்மீது திரும்பிவிடும். இப்போதைக்கு, இன்வாய்ஸ் தேதி, தொகை, தவணை கடந்த நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்தே எழுதுங்கள். பல இடங்களில் இன்வாய்ஸ் மேலாளரின் மேசையைத் தாண்டிக் கணக்குப் பிரிவுக்குப் போயே இருக்காது.

கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு வார நாட்கள் ஏறக்குறைய 260. விடுமுறை, உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்கு 40 நாட்கள் கழித்து, வேலை தேடவும் படிக்கவும் கணக்கு எழுதவும் வாரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், பில் போடக்கூடிய நாட்கள் 176 அளவில்தான் நிற்கும். பழைய சம்பளத்தை 260-ஆல் வகுத்து நாள் கட்டணம் வைத்திருந்தால், முதல் நாளிலிருந்தே நஷ்டத்தில் உழைக்கிறீர்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெண்டர் கேட்கும் நிறுவனங்களில் அது கதவைத் திறக்கும். ஆனால் ஒரு தொழில்நுட்பத்தின் பெயரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 1990-களின் இறுதியில், ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்ததால் 2000-இல் குழம்பிவிடக்கூடிய பழைய நிரல்களைத் திருத்துவதற்காக, கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்களைத் தேடித் தேடி அழைத்தார்கள். 2000 பிறந்ததும் அந்த வேலை வற்றிவிட்டது. ஃபிளாஷ் மென்பொருளை 2020 இறுதியோடு கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017-இலேயே அறிவித்தது. இவற்றைத் தாண்டி நிற்பது ஒரு தொழிலின் உள்விவரம் தெரிந்த அறிவுதான். பில்லிங், கிடங்கு இருப்பு, மருத்துவமனைப் பதிவேடு என ஏதேனும் ஒன்றில் எங்கே தவறு நேரும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவரை மொழி மாறினாலும் தேடுவார்கள். ‘ஜாவா தெரிந்தவர்’ என்பதைவிட, ‘பழைய பில்லிங் தரவுகளைப் பழுதில்லாமல் புதிய அமைப்புக்கு மாற்றித் தருபவர்’ என்ற அறிமுகம் உங்களுக்கு அதிக வேலை கொண்டுவரும்.

வேலைக்குத் திரும்புவதில் எந்த இழுக்கும் இல்லை. எழுதுவதும், விலை பேசுவதும், பாக்கி கேட்பதும் உங்களுக்குத் தாங்க முடியாத சுமையாக இருந்தால் திரும்பிவிடுங்கள். ஏனென்றால் இவை இந்தத் தொழிலின் பாதி. ஆனால், மேலே சொன்னவற்றைக் கடைப்பிடித்து இன்னும் இரண்டு ஒப்பந்தங்களாவது செய்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

மூன்றாமவர் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வேலை நன்றாக இருந்தது என்று சொன்னவரிடம் இன்று வேலை இல்லாமல் இருக்கலாம். அந்த அமைப்பைத் தொடங்குவது எப்படி, பேக்கப்பிலிருந்து மீட்பது எப்படி, அமைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம், புதிதாக வரும் ஒருவர் ஒரே நாளில் புரிந்துகொள்ளும்படி எழுதிக்கொடுத்தீர்களா? கொடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எழுதி, கட்டணம் எதுவும் கேட்காமல் அனுப்பிவையுங்கள். கூடவே, அமைப்பு சீராக ஓடுகிறதா என்று விசாரித்து, இதே போன்ற தேவை உள்ளவர்கள் யாரேனும் தெரிந்தால் உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.