சிறு மூலக்கூறுகள் எப்படி இணைந்து பெரிய மூலக்கூறாகின்றன? சில வினைகளில் சங்கிலி ஏன் நீளாமலே நின்றுவிடுகிறது?

முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சிறு மூலக்கூறுக்கு எத்தனை கை, அதாவது மற்றொன்றோடு பிணையக்கூடிய இடம் எத்தனை என்பதை. அசிட்டிக் அமிலத்துக்கும் எத்தனாலுக்கும் ஆளுக்கு ஒரு கைதான். எத்தில் அசிட்டேட் ஆனதும் பிடிக்க வேறு கை இல்லை, வினை அங்கேயே முடிகிறது. இரண்டு கை இருந்தால் சங்கிலி வளரும். மூன்று இருந்தால் கிளைவிட்டு வலையாகும். அந்த வலை பிறகு எதிலும் கரையாது, உருகவும் செய்யாது.

எத்திலீன், ஸ்டைரீன் போன்றவற்றில் இரட்டைப் பிணைப்புதான் அந்த இரண்டு கை. வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு சிறிது சேர்த்து 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் அது உடைந்து ராடிக்கல் தரும்; இணைசேராத எலக்ட்ரான் உள்ள, எதையும் உடனே பிடிக்கும் துண்டு அது. ராடிக்கல் ஒரு ஸ்டைரீனின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒட்டிக்கொள்ளும், முனையில் புது ராடிக்கல் பிறக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். இரண்டு வளர்முனைகள் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் ஓய்ந்துவிடும். எதுவும் வெளியேறாது. வினை தொடங்கவே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: கரைந்துள்ள ஆக்சிஜன் ராடிக்கலை விழுங்கியிருக்கும், அல்லது புட்டியில் பாதுகாப்புக்காகச் சேர்த்த தடுப்பானை நீக்கியிருக்க மாட்டீர்கள். நைட்ரஜன் செலுத்துங்கள்; ஸ்டைரீனை அலுமினா வழியாக வடித்துவிட்டு ஆரம்பியுங்கள். கரைப்பான் இல்லாமல் பெரிய அளவில் செய்வது ஆபத்து. கலவை கெட்டியாக ஆக வளர்முனைகள் சந்திப்பது குறைகிறது, வினை வேகமெடுக்கிறது, வெப்பமும் வெளியேற முடியாமல் தேங்குகிறது.

இன்னொரு வழியில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சிறு மூலக்கூறு, பெரும்பாலும் தண்ணீர், வெளியேறும். மூலக்கூறு எடையைப் பாருங்கள்: குளுக்கோஸ் 180, ஃபிரக்டோஸ் 180. சேர்ந்து வரும் சுக்ரோஸ் 360 அல்ல, 342. போன 18 தண்ணீர். தண்ணீரை அகற்றாவிட்டால் வினை பாதியில் சமநிலைக்கு வந்துவிடும் என்பதை எல்லாப் பாடநூலும் சொல்லும். அதே அளவுக்கு முக்கியமான விகிதக் கணக்கை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

இரண்டு வகைக் கைகளும் (அமிலக் கையும் அமீன் கையும் போல) சரிசமமாக இருந்து 95 சதவீதம் வினைபுரிந்தால், சராசரிச் சங்கிலியில் 20 அலகுகள்தான். 99 சதவீதத்தில் 100. அதே 99 சதவீத வினையில் ஒரு பொருள் மற்றதைவிட 1 சதவீதம் கூடுதலாக இருந்தால் போதும், சராசரி 67க்கு இறங்கிவிடும். மிஞ்சிய பொருள் பல முனைகளை அடைத்துவிடுவதே காரணம். 1935இல் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸின் குழு அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் செய்த நைலான் 6,6க்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆலைகளில் அடிப்பிக் அமிலத்தையும் ஹெக்சாமெத்திலீன் டைஅமீனையும் முதலில் உப்பாக்குவதும் இதற்காகவே: உப்பில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. சங்கிலி தேவைக்கு மேல் நீளாதிருக்க ஒரு கை மட்டும் உள்ள அசிட்டிக் அமிலத்தை வேண்டுமென்றே சிறிது சேர்ப்பதும் உண்டு.

துல்லிய விகிதம் இல்லாமலும் நீண்ட சங்கிலி கிடைக்கும் ஒரு செய்முறை இருக்கிறது. 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 0.5 மோலார் ஹெக்சாமெத்திலீன் டைஅமீன் 50 மில்லி எடுத்து, அதன்மேல் ஹெக்சேனில் கரைத்த 0.2 மோலார் செபகோயில் குளோரைடு 50 மில்லியைக் கண்ணாடித் தண்டு வழியாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் சேரும் பரப்பில் வெள்ளை ஏடு படியும். இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கினால் நைலான் 6,10 இழையாக வந்துகொண்டே இருக்கும். வினை அந்தப் பரப்பில் மட்டும் நடப்பதால் மொத்த விகிதம் பெரிதாகப் பாதிப்பதில்லை. காரம் எதற்கென்றால், வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடை அது பிடிக்காவிட்டால் அமீனில் ஒரு பங்கு உப்பாகி வினைக்கு உதவாமல் போகும். கலக்கிவிட்டால் இழை வராது, கட்டிதான் வரும். ஏடு அறுந்துகொண்டே இருந்தால் செபகோயில் குளோரைடு ஈரம்பட்டு அமிலமாகியிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் புட்டி திறங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, புகைபோக்கி அறை கட்டாயம். அருகில் தீ கூடாது. இழைக்குள் கரைசல் சிக்கியிருக்கும் என்பதால் நன்றாக அலசும் முன் வெறும் கையால் தொடாதீர்கள்.