குள்ளர் இனத்துக்கு மந்திரவாதி வகுப்பைத் தடுக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அதற்கு இனமும் வகுப்பும் (தொழில்) தேர்ந்து, பகடை வீசிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு. உலகம் நீங்களே கட்டியது, தோட்டத்து லயம், பால்மரக் காடு எல்லாம் உண்டு. அதில் குள்ளருக்கு மந்திரம் வராது. ஆடுபவர் ஒருவர் மந்திரவாதிக் குள்ளர்தான் வேண்டும் என்று கேட்கிறார். தடுக்காதீர்கள், விலை வையுங்கள்.

விலையைப் பகடை எண்ணில் வைத்தால் கெட்டது. எல்லா வீச்சிலும் இரண்டு குறைத்தால், மூன்றாம் வாரம் அவர் போனைத் தடவிக்கொண்டிருப்பார். பாத்திரம் எந்த நிலை வரை வளரலாம் என்ற உச்சவரம்பும் உதவாது. இவ்வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பதிப்பில் ஹாஃப்லிங் என்ற குட்டை இனம் 8-ஆம் நிலையோடு நின்றுவிடும்; பல ஆட்டங்கள் அதற்கு முன்பே கலைந்துவிடும், அதுவரை இனச் சலுகை இலவசம். 2000-இல் வந்த 3-ஆம் பதிப்பு இந்தத் தடைகளையெல்லாம் தூக்கிவிட்டது.

விலை கதையில் இருக்கட்டும். மந்திரம் தொட்ட குள்ளருக்கு லயத்தில் யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். ஒட்டுக்கடையில் கடன் கிடையாது. ஆயுதம் செய்பவர் இரட்டை விலை கேட்பார். யாரிடம் கற்றார், வீட்டில் யாருக்குத் தெரியும் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே மூன்று வரி எழுதி வாங்குங்கள். குழுவுக்கு இப்படி ஒருவர் போதும். இரண்டு பேரானால் விதிவிலக்கே வழக்கமாகிவிடும்.

முழுத் தடை ஒரே இடத்தில் சரி: கதையின் முடிச்சே அதில் இருந்தால்.