மோட்டாருக்கு வலிக்குமா? (கடிதம்)

அன்புள்ள சார்,

ஜப்பானிய விளையாட்டு அனிமே (அவர்கள் ஊர் கார்ட்டூன்) பற்றி எழுதியபோது, ரோபோக்களே விளையாட்டு வீரர்களாக வருகிற ‘அயர்ன் லீகர்’ தொடரைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பையனோடு உட்கார்ந்து நான்கு எபிசோடு பார்த்தேன். அவன் வாயைப் பிளந்து பார்க்கிறான், எனக்குத்தான் ஒட்டவில்லை. விளையாட்டில் நாம் பார்ப்பது உடம்பு எதுவரை தாங்கும் என்பதை. ரோபோவுக்கு அது ஏது? பந்தில் வேகம் போதவில்லையா, பெரிய மோட்டாரை மாட்டு. கை உடைந்ததா, வேறு கை. இந்த அழகில் அவை கண்ணீர் வேறு விடுகின்றன! இதில் என்ன கண்டீர்கள்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நாலு எபிசோடு தாங்கியதற்கே நன்றி, பலர் முதல் எபிசோடிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

நீங்கள் கேட்டதையேதான் அந்தத் தொடரில் வில்லன்களும் கேட்கிறார்கள். டார்க் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் கூட்டத்துக்கு ஒரு லீகர், அதாவது ஆடுகிற ரோபோ, என்பது சாமான். ஓடுகிறவரை ஓட்டு, உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை இறக்கு. எதிராளியை அடித்து நொறுக்கினால் ஜெயிக்கலாம் என்றால் நொறுக்கு, ஆடுவது இரும்புதானே! நீங்கள் வில்லன் என்று சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 52 எபிசோடும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

இதற்கு எதிர்க்கட்சி சில்வர் காசில். கையில் காசில்லாத, தோற்றுத் தோற்றே பழகிய பேஸ்பால் அணி. உரிமையாளர் பெயர் ரிகார்டோ கின்ஜோ. ‘கின்’ என்றால் வெள்ளி, ‘ஜோ’ என்றால் கோட்டை, தன் குடும்பப் பெயரையே மொழிபெயர்த்து அணிக்கு வைத்துவிட்டார் மனிதர். இவர்கள் பிடிவாதமாக விதிப்படிதான் ஆடுவார்கள். அங்கே வந்து சேர்கிற பிட்ச்சர் (பந்து எறிகிறவன்) மேக்னம் ஏஸ், ஒரு காலத்தில் போர்க்களத்தில் சிப்பாய் ரோபோவாக இருந்தவன் (நீங்கள் இன்னும் அதுவரை வரவில்லை, மன்னிக்கவும்). சுடுவதற்காகச் செய்த கை அது. அந்தக் கையால் பந்து எறிகிறான். பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து எறிவது அவனுக்கு எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். எறியமாட்டேன் என்கிறான். எத்தனை பெரிய மோட்டாரை மாட்டினாலும் இந்த ‘மாட்டேன்’ வராது. எனக்கு ஆட்டம் சூடு பிடிப்பது அங்கேதான்.

உடம்பு என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஜப்பானில் பேஸ்பால் அனிமேக்கெல்லாம் மூத்தது 1968-இல் வந்த ‘கியோஜின் நோ ஹோஷி’. நம் ஊர்ப்பக்கம்கூட 2012-இல் அதைக் கிரிக்கெட்டாக மாற்றி ‘சூரஜ்’ என்று இந்தியில் எடுத்தார்கள். அதில் அப்பன் தன் மகன் ஹியூமாவின் உடம்பில் சுருள் கம்பிகள் வைத்த ஒரு கவசத்தைப் பூட்டிவிடுவான். கையை நீட்டினால் கம்பி இழுக்கும், சாப்பிடத் தூக்கினாலும் இழுக்கும். பள்ளிக்கூடம் போகிற பையன், சட்டைக்குள் ஸ்பிரிங்! வளர்ந்து பெரிய பிட்ச்சராகி, பேட்டைக் குறிபார்த்து எறிகிற பந்து, கண்ணுக்கு மறைகிற பந்து, பேட்டை விட்டு விலகுகிற பந்து என்று மூன்று மாயப் பந்துகள் போட்டு, மூன்றாவதில் இடது கையையே இழக்கிறான். மனிதப் பிள்ளையை இயந்திரமாக்கிக் கடைசியில் உடைக்கிற கதைக்கு ஒரு தேசமே கண்ணீர் விட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே ஊர்க்காரர்கள் இயந்திரத்தை எடுத்து, அதற்கு மனம் வைத்து, உடைந்தால் ரூரி என்றொரு சின்னப் பெண் ஸ்பானரோடு ஓடிவந்து சரிசெய்கிற மாதிரி எழுதினார்கள். இரண்டில் எது கொடுமை என்று கேட்டால் நான் தயங்காமல் முதலாவதைத்தான் சொல்வேன், அழுதுகொண்டே பார்த்தவன் நான் என்றாலும்.

குறை இல்லாமல் இல்லை. புது எதிரி வருவான், மோதுவான், தோற்பான், திருந்துவான், அப்புறம் அடுத்தவன். நடுவில் எனக்கே கொட்டாவி வந்தது. ‘கண்டம்’ (Gundam) என்கிற பிரபல அனிமேயின் ரோபோக்களை வரைந்த அதே குனியோ ஒகவாராதான் இதற்கும் உருவங்களை வடிவமைத்தவர், அதனால் பார்க்க லட்சணமாக இருக்கிறார்கள், ஆனால் பொம்மைக் கடை ஞாபகமும் கூடவே வந்துவிடுகிறது. தொடர் ஆரம்பித்தது 1993 ஏப்ரலில், அடுத்த மாதமே அங்கே ஜே லீக் கால்பந்து தொடங்கியது. பேஸ்பால் அணிக்குள் மாக் விண்டி என்கிற கால்பந்துக்காரன் ஏன் வந்து நிற்கிறான் என்று இப்போது புரிந்திருக்கும்!

நிஜ ரோபோக்களும் ஆடத்தான் ஆடுகின்றன. 1997-இல் ஜப்பானின் நகோயாவில் ரோபோகப் என்கிற ரோபோ கால்பந்துப் போட்டி முதன்முதலாக நடந்தது. 2050-க்குள் உலகக் கோப்பை வென்ற மனித அணியைத் தோற்கடிப்பதாகத் திட்டம். வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். இரண்டு கால் ரோபோ பந்தின் முன் வந்து நின்று, ரொம்ப நேரம் யோசித்து, உதைக்கக் காலைத் தூக்கி, பந்தைத் தொடாமலேயே மல்லாக்க விழும். விழுந்ததும் என் வாயில் தன்னால் ‘ஐயோ’ என்று வந்தது. அதற்கு வலிக்காது என்று எனக்கும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் பாருங்கள், டாப் ஜாய் வருகிறவரையாவது. கூடைப்பந்து ஆடுகிறவன், ஓயாமல் ஜோக்கடிப்பான், டார்க் கூட்டம் அனுப்பிய உளவாளி. தயவுசெய்து இதைப் பையனுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.