போர்வெல் ஸ்டார்ட்டர் போர்டில் 230 வோல்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் இடைவெளி போதுமா?

மொபைலில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்குத்தான் போர்டு வரைகிறீர்கள் என்பதால் நேராகச் சொல்கிறேன்: பலகையில் செம்புத் தடங்களுக்கு (டிராக்) நடுவே அந்த இடைவெளி போதாது.

அந்த 2.5 தவறான எண் இல்லை. காப்பு இடைவெளிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60664-1. அதன் அட்டவணையில் 250 வோல்ட் வரிசையில், சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) பலகைக்கு, அடிப்படைக் காப்புக்கு, அதாவது ஒற்றைப் பாதுகாப்புக்கு, அதுதான் இருக்கிறது. ஆனால் அது வீடு, ஆபீஸ் மாதிரி சுத்தமான இடத்துக்கு. நான் ஓசூரில் இதே வேலை செய்கிறேன். மேசை மேல் ஒழுங்காக ஓடும் போர்டு போய்ச் சேருவது பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ஷெட்டுக்கு. செம்மண் தூசி, விடியற்காலைப் பனி, எறும்பு, பல்லி எல்லாம் உண்டு. பெட்டி நல்ல பெட்டியாக இருந்தாலும், ஒயர் நுழைக்க எலக்ட்ரீஷியன் இன்னொரு ஓட்டை போட்டுவிடுவார். தூசியில் ஈரம் ஏறினால் டிராக்குகளுக்கு நடுவே பலகை மேலேயே மின்சாரம் கசியும். கசிந்த இடம் கருகும், கருகிய இடம் கரியாகி இன்னும் நன்றாகக் கடத்தும். அதனால் மாசு நிலை 3, அதாவது தூசியும் ஈரமும் சேர்ந்து மின்சாரம் கடத்தக்கூடிய இடம், என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 2.5 என்பது 4 மில்லிமீட்டர் ஆகும். மூன்று ஃபேஸ் என்றால் 415 வோல்ட்டுக்கு ஃபேஸ்களுக்கு இடையே ஆறரை.

இதைவிட முக்கியம், அந்த இடைவெளிக்கு மறுபக்கம் யார் கை வைக்கிறார் என்பது. பட்டன், சிம் ஸ்லாட், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா, இவற்றை ஈரக்கையோடு விவசாயி தொடுவார். மெயின்ஸ் பக்கத்துக்கும் இவற்றுக்கும் நடுவே வலுவூட்டிய காப்பு, அதாவது இரண்டு அடுக்குப் பாதுகாப்புக்குச் சமமான காப்பு வேண்டும்: இரட்டிப்பாக 8 மில்லிமீட்டர். இதில் சமரசமே கூடாது.

இவையெல்லாம் பலகை மேல் ஊர்ந்து போகும் தூரம். காற்றில் பறந்து போகும் தூரம் தனிக் கணக்கு. நிரந்தரமாக லைனில் கட்டிய கருவிக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 4000 வோல்ட் வரை மின்னழுத்தம் எகிறலாம் என்று வைத்து 3 மில்லிமீட்டர், வலுவூட்டிய காப்புக்கு 5.5. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் வரை இதைக் கூட்ட வேண்டியதில்லை, நம் மாவட்டங்களில் அந்தக் கவலை இல்லை.

சரி, 8 மில்லிமீட்டருக்கு இடம் எங்கே? ஆப்டோகப்ளருக்கு (மெயின்ஸ் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் சிப்) கீழே பலகையில் ஸ்லாட் வெட்டுங்கள், கசிவு அதைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் ஊரும் தூரம் கூடும். மாசு நிலை 3 என்றால் அகலம் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்கட்டும், குறைந்தால் கணக்கில் வராது. சாதாரண ஆப்டோகப்ளரில் கால்களுக்கு நடுவே 7.62 மில்லிமீட்டர்தான், பேட் (காலைச் சால்டர் செய்யும் செம்புப் பரப்பு) வைத்த பிறகு ஆறு சொச்சம்தான் மிஞ்சும். கால் அகட்டிய 10.16 வகையை வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இராது.

கடையில் கிடைக்கும் நீல நிறச் சின்ன 5 வோல்ட் ரிலேயைத் தவிர்த்துவிடுங்கள். அதன் பொதுப் பின் (மெயின்ஸ் வரும் கான்டாக்ட் கால்) காயில் பின்கள் இரண்டுக்கும் (ரிலேயை இயக்கும் சுருளின் கால்கள்) நடுவில் வந்து நிற்கிறது, எப்படி வரைந்தாலும் 8 கிடைக்காது. காயில் ஒரு முனையிலும் கான்டாக்ட் மறுமுனையிலும் உள்ள ரிலேயே இந்த வேலைக்குச் சரி.

அப்புறம், அளக்கும்போது பேட் ஓரத்திலிருந்து அளங்கள், நடுவிலிருந்து அல்ல. ஸ்க்ரூ தலையும் ஹீட்சிங்க்கும் கூட உலோகம்தான், அவற்றையும் சேர்த்து அளங்கள்.