பழைய மோட்டார் படகில் ஸ்டீரிங் ஆட்டம்: விற்றவரிடம் நிவாரணம் கேட்கலாமா?

கேள்வி: பரங்கிப்பேட்டையில் வசிக்கிறேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் சுற்றுலாப் பயணிகளை நானே ஏற்றிச் சென்று பிழைப்பதற்காக, கொச்சியில் பழைய படகுகளை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரிடம் 17 அடி ஃபைபர் படகை, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுடன் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) 4,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். "ஸ்டீரிங் கேபிள் புதிது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்; ரசீதில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று இருக்கிறது. இரண்டே வாரத்தில், ஸ்டீரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் எஞ்சின் அசைகிறது. கேட்டால், "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்கிறார். மெக்கானிக் சொன்னபடி கேபிளை மாற்றிவிட்டுச் செலவைக் கேட்கலாமா? வழக்குக்காகக் கொச்சிக்குப் போக வேண்டுமா?

பதில்: கேபிளை இப்போது மாற்றாதீர்கள். ஆட்டம் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் சட்ட உரிமையின் அளவு அமையும். பழைய பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் அந்த உரிமையை மெய்ப்பிக்கும் வழியும் அதோடு போய்விடும்.

சோதனைக்கு இருவர் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் ஸ்டீரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்ப, மற்றவர் பின்புறம் நின்று பார்க்க வேண்டும். ஸ்டீரிங் திரும்பியும் கேபிளின் முனையில் உள்ள கம்பி அசையவில்லை என்றால், ஸ்டீரிங்கின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டியோ கேபிளோ தேய்ந்திருக்கிறது. கம்பி அசைந்தும் எஞ்சின் அசையவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் தண்டின் போல்ட் தளர்ந்திருக்கிறது. இவை சரியாக இருந்து, எஞ்சினைக் கையால் பிடித்து ஆட்டும்போது அது ஆடினால், எஞ்சின் திரும்பும் இடத்துப் புஷ் (தேய்மானத்தைத் தாங்கும் உள்வளையம்) தேய்ந்திருக்கலாம், அல்லது எஞ்சினைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். எஞ்சினோடு சேர்ந்து படகின் பின்பலகையே அசைகிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள்; ஃபைபருக்குள் இருக்கும் மரம் நீர் ஊறி உளுத்திருந்தால் அப்படி அசையும், அது கேபிளை மாற்றித் தீரும் பழுதன்று. இவை அனைத்தையும் இடையில் நிறுத்தாமல் காணொளியாக எடுத்து, பின்னர் படகுகளை ஆய்வு செய்யும் சர்வேயர் ஒருவரிடம் எழுத்துமூலம் அறிக்கை பெறுங்கள்.

இனி, "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்ற பதிலுக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் விற்பவர் பொறுப்பாக மாட்டார். தளர்ந்த போல்ட் அத்தகைய குறையாகக் கருதப்படலாம். அதற்காக வழக்குப் போடும்படி நான் சொல்ல மாட்டேன். உறைக்குள் இருக்கும் கேபிளின் தேய்மானமும், ஃபைபருக்குள் உளுத்த மரமும் வெளிப்பார்வைக்குத் தெரிபவை அல்ல. "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் சட்டம் தானாகத் தரும் உறுதிகளை விலக்க உதவலாம் என்றாலும், அவர் தம் கையால் எழுதிய பொய்க்கு அது கவசமாகாது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த வாட்ஸ்அப் செய்திதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் எவ்விதத்திலேனும் உரிமை கொண்டாடிய தரத்தில் குறைவு இருந்தால் அதைக் குறைபாடு என்கிறது. பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் வரையறுக்கிறது. ஆகவே, கேபிள் பழையது என்று அறிக்கை சொன்னால், அந்த ஒன்றே உங்களுக்குப் போதிய அடிப்படையாகும். உரையாடலை அழிக்காமல் அதே கைபேசியில் வைத்திருங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவின்கீழான சான்றிதழையும் உடன் இணைக்க வேண்டும்.

பயணிகளிடம் கட்டணம் வாங்குவதால் இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளை அந்த விலக்கிலிருந்து சட்டமே எடுத்துவிட்டது. லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. படகை நீங்களே ஓட்டுகிறீர்கள், வேறு படகு இல்லை, குடும்பம் இந்த வருமானத்தை நம்பி இருக்கிறது என்பவற்றை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம் என்பதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இதை விசாரிக்க முடியும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டது. எனவே புகார்க் கட்டணமும் கிடையாது. காலவரம்பு 2 ஆண்டுகள். ஆனாலும் அத்தனை காலம் காத்திருக்காதீர்கள்: குறை தெரிந்த பிறகும் எதுவும் சொல்லாமல் படகை வைத்திருந்தால் அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்ளும், அதன்பின் படகைத் திருப்பிக் கொடுத்து முழு விலையைக் கேட்பது கடினமாகி, இழப்பீட்டோடு நிற்க வேண்டிவரும். இந்த வாரமே விற்றவருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்பி, 15 நாட்களுக்குள் அவரோ அவருடைய ஆளோ வந்து படகைப் பார்வையிடலாம் என்று எழுதுங்கள். பின்பலகை உளுத்திருந்தால் முழு விலையையும், கேபிள் மட்டும் என்றால் மாற்றும் செலவையும் இழப்பீட்டையும் கேளுங்கள்.

பழுது நீங்கும்வரை ஒரு பயணியைக்கூட ஏற்றாதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள படகில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 284ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; பழுது இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதை நீங்கள் அனுப்பும் அறிவிப்பே காட்டிவிடும். 15 நாள் கெடு முடிந்து சர்வேயரின் அறிக்கையும் கையில் வந்ததும், விற்றவர் பதில் தந்தாலும் தராவிட்டாலும், கேபிள்தான் காரணம் என்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். தவிர்க்கக்கூடிய நட்டத்தை வளரவிட்டால் அந்தப் பகுதிக்கு இழப்பீடு கிடைக்காது. கழற்றிய கேபிளை அதன் உறையோடு சாக்கில் கட்டி, சாட்சிகள் இருவரின் கையெழுத்துடன் முத்திரையிட்டு வைத்திருங்கள்.